எம்.பி.ஏ. நிதிப் பாடம்: எந்த ரூபாயைக் கணக்கில் சேர்ப்பது?

காரைக்குடியில் பி.காம். முடித்து, வீட்டு ஹார்டுவேர் கடைக் கணக்கையும் பார்த்துக்கொண்டு எம்.பி.ஏ. நிதிப் பிரிவில் முதலாண்டு படிக்கும் தம்பி ஒருவர் கேட்டிருப்பது இது: “சூத்திரமெல்லாம் மனப்பாடம். தேர்வில் கணக்கும் வந்துவிடுகிறது. ஆனால் ஒரு கம்பெனியின் கேஸைக் (நிலவரத்தை விவரித்து முடிவு கேட்கும் வகுப்புப் பயிற்சி) கையில் கொடுத்து, இந்த முதலீட்டைச் செய்யலாமா, பணத்தை எங்கே திரட்டுவது என்று கேட்டால் எங்கே தொடங்குவதென்றே தெரியவில்லை. புத்தகமெல்லாம் அமெரிக்கக் கணக்கு. எப்படிப் படித்தால் இது பிடிபடும்?”

சூத்திரம் தெரிந்தும் கை ஓடாததற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான். இந்த முடிவை எடுப்பதால் மட்டும் வருகிற ரூபாய் எது, எடுக்காவிட்டாலும் வந்திருக்கக்கூடிய ரூபாய் எது என்று பிரித்துப் பார்க்கும் பழக்கம் இன்னும் வரவில்லை. தேர்வுத்தாளில் அந்த வேலையைக் கேள்வி எழுதியவரே செய்து கொடுத்துவிடுகிறார். கேஸில் அதை யாரும் செய்து தரமாட்டார்கள். ஆகவே புதுச் சூத்திரம் தேடாதீர்கள். இரண்டு மூன்று முடிவுகளை, கண்ணுக்குத் தெரிந்த தொழிலில் வைத்து, அடிமுதல் நுனிவரை போட்டுப் பாருங்கள். செட்டிநாட்டிலேயே அதற்கு வேண்டிய சரக்கு இருக்கிறது.

முதலில் ஒரு சின்னப் பரீட்சை. உங்கள் கடையின் இரண்டு வருட ஐந்தொகையையும் (பேலன்ஸ் ஷீட்) இடைப்பட்ட வருடத்தின் லாப நட்டக் கணக்கையும் எடுத்து, நிகர லாபத்தில் தொடங்கிப் பணப்பாய்வு அறிக்கை போடுங்கள். தேய்மானத்தைக் கூட்டுங்கள், சரக்கும் நமக்கு வரவேண்டிய கடன்பாக்கியும் ஏறிய அளவைக் கழியுங்கள், கொடுக்கவேண்டிய பாக்கி ஏறியதைக் கூட்டுங்கள், சொத்து வாங்கியது, கடன் வாங்கியது, கட்டியது, வீட்டுக்கு எடுத்தது எல்லாவற்றையும் சேருங்கள். கடைசியில் வரும் தொகை, பெட்டியிலும் வங்கியிலும் அந்த வருடம் ஏறிய அல்லது இறங்கிய பணத்தோடு ரூபாய்க்கு ரூபாய் ஒட்ட வேண்டும். ஒட்டவில்லை என்றால் அடுத்த பாடத்துக்குப் போகாதீர்கள். லாபம் வேறு, பணம் வேறு என்பது இந்தப் பயிற்சியில் விளங்குகிற அளவுக்கு எந்த விரிவுரையிலும் விளங்காது.

வட்டிக்கணக்கு

காலத்தால் பணத்தின் மதிப்பு மாறுவதைச் சொல்ல அமெரிக்கப் புத்தகம் வீட்டுக்கடனை எடுத்துக்கொள்ளும். நமக்குத் தண்டல் போதும். 10,000 ரூபாய்த் தண்டல். 1,000 பிடித்துக்கொண்டு 9,000 கையில் தருகிறார். நாளுக்கு 100 வீதம் 100 நாள் வசூல். “பத்துப் பர்சென்ட்” என்பார்கள். ஆனால் கடன் வாங்கியவர் கையில் 9,000 ரூபாய் 100 நாளும் இருப்பதில்லை, முதல் நாளிலிருந்தே கரைந்துகொண்டு வருகிறது. எக்செலில் முதல் வரியில் −9,000, அடுத்த 100 வரிகளில் 100 என்று போட்டு ஐ.ஆர்.ஆர். (போட்ட பணமும் வரும் பணமும் இன்றைய மதிப்பில் சமமாகும் வட்டி விகிதம்) கேளுங்கள். நாளுக்குச் சுமார் 0.2125% வரும். அதைக் கூட்டுவட்டியாக வருடத்துக்கு நீட்டினால் 117 சதவீதத்தை ஒட்டி நிற்கும். அதேபோல் மாதம் ஒன்றரை வட்டி என்றால் தனிவட்டியில் வருடத்துக்கு 18%, மாதாமாதம் கூட்டினால் 19.56%. இந்த இரண்டையும் கால்குலேட்டரில் ஒருமுறை, எக்செலில் ஒருமுறை போட்டு விடை ஒத்துவந்தால் இந்த அத்தியாயம் முடிந்தது. இதற்கு இரண்டு வாரத்துக்கு மேல் செலவழிக்க வேண்டாம்.

வீட்டை ஹோட்டலாக்கலாமா?

மொத்தப் பாடத்தின் முக்கால் பங்கு இந்த ஒரு கேள்விக்குள் அடங்கிவிடும் என்பதால் இதில் நிதானமாகவே போகலாம். கானாடுகாத்தான் பக்கம் ஒரு பெரிய வீடு, பங்காளிகள் சேர்ந்து நடத்தும் கம்பெனியின் பேரில் இருக்கிறது என்று வையுங்கள். பத்து அறைகளைப் பாரம்பரிய ஹோட்டலாக மாற்ற யோசனை. கீழே வரும் எண்களெல்லாம் பயிற்சிக்காக வைத்தவை. வரி விகிதங்கள் மட்டும் நிஜம்.

கட்டட வேலைக்கும் மரச்சாமானுக்கும் 1.5 கோடி. ஏசி, ஜெனரேட்டர், தண்ணீர்ச் சுத்திகரிப்பு, சமையலறைச் சாமான்களுக்கு 50 லட்சம். நடைமுறை மூலதனம், அதாவது தொழிலை அன்றாடம் ஓட்ட வேண்டிய பணம், 5 லட்சம். அறை வாடகை 6,000 ரூபாய், வருடச் சராசரி நிரம்பல் 40%. அப்படியானால் 10 × 365 × 0.40 = 1,460 அறை இரவுகள்; வாடகை 87.6 லட்சம். சாப்பாடும் மற்றவையும் 30 லட்சம். ஆக வரவு 117.6 லட்சம். சம்பளம், பராமரிப்பு என்று அறை நிரம்பினாலும் காலியாகக் கிடந்தாலும் ஆகிற செலவு 45 லட்சம். வரவோடு ஏறி இறங்கும் செலவு 25%, அதாவது 29.4 லட்சம். மிஞ்சுவது 43.2 லட்சம்.

இங்கே இரண்டு வரிகளில்தான் எல்லாரும் வழுக்குவார்கள். சென்ற வருடம் ஓட்டுக்கூரை ஒழுகியதற்கு 40 லட்சம் செலவழித்தாயிற்று. அதையும் திட்டச் செலவில் எழுத வேண்டும் என்று ஒரு பங்காளி நிற்பார். எழுதக்கூடாது. ஹோட்டல் வந்தாலும் வராவிட்டாலும் அந்தப் பணம் திரும்பாது. இரண்டாவது வழுக்கல் இதற்கு நேர் எதிரானது, இன்னும் ஆபத்தானது. சினிமாப் படப்பிடிப்புக்கும் கல்யாணத்துக்கும் வீட்டை விட்டு வருடத்துக்கு 12 லட்சம் வந்துகொண்டிருந்தது. அறைகளை ஹோட்டலாக்கினால் அது நின்றுபோகும். யாரும் செலவுச் சீட்டு தரமாட்டார்கள், வங்கிக் கணக்கிலும் தெரியாது, ஆனாலும் அது இந்த முடிவின் செலவு. கழித்தால் திட்டத்தால் கூடுதலாக வருவது 31.2 லட்சம்.

அடுத்து வரி. 2019-ல் வந்த சலுகை விகிதத்தைத் தேர்ந்தெடுத்த கம்பெனிக்கு 22 சதவீதத்தோடு சர்சார்ஜும் செஸ்ஸும் சேர்ந்து 25.168%. வருமான வரிக் கணக்கில் கட்டடத்துக்கும் மரச்சாமானுக்கும் தேய்மானம் 10%, இயந்திரங்களுக்கு 15%, இரண்டும் முன் வருடங்களின் தேய்மானம் போக எஞ்சிய மதிப்பின் மேல். முதல் வருடம் 15 + 7.5 = 22.5 லட்சம். வரிக்குரியது 8.7 லட்சம், வரி 2.19 லட்சம், கையில் நிற்பது 29.01 லட்சம். அமெரிக்கப் புத்தகத்தின் தேய்மான அட்டவணை இங்கே செல்லாது. அங்கே பழைய இயந்திரத்தை விற்றால் அந்த இயந்திரத்துக்கென்று லாப நட்டம் பார்த்து வரி போடுவார்கள். நம் வருமான வரியில் ஒரே விகிதச் சொத்துகளெல்லாம் ஒரே தொகுதி. ஐந்தாம் வருடம் ஜெனரேட்டரை 4 லட்சத்துக்கு விற்றால் தொகுதியிலிருந்து 4 லட்சம் குறையும், இனி வரும் தேய்மானம் அந்த அளவுக்குச் சுருங்கும், அவ்வளவுதான். தொகுதியே காலியானால், அல்லது விற்ற தொகை தொகுதியின் மதிப்பைத் தாண்டினால்தான் கதை மாறும். இன்னொன்று: சொத்து அந்த நிதியாண்டில் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்பட்டால் பாதித் தேய்மானமே கிடைக்கும். மார்கழிக் குளிருக்கு வரும் விருந்தாளிகளைக் குறிவைத்து டிசம்பரில் திறந்தால் முதலாண்டுத் தேய்மானம் 22.5 இல்லை, 11.25 லட்சம்தான்.

ஜி.எஸ்.டி.யையும் விட்டுவிடக்கூடாது. 2025 செப்டம்பர் 22 முதல் 7,500 ரூபாய் வரையான அறைக்கு 5%, உள்ளீட்டு வரி வரவு கிடையாது. ஆகவே ஏசி வாங்கும்போது கட்டிய ஜி.எஸ்.டி. திரும்ப வராது; முதலீட்டுத் தொகையை வரி சேர்த்தே எழுதுங்கள். மேலே உள்ள 2 கோடியும் அப்படிச் சேர்த்த தொகைதான்.

இப்போது பத்தாண்டுக் கணக்கு. வாடகை, செலவு, இழந்த படப்பிடிப்பு வருமானம் எல்லாமே வருடம் 5% ஏறுவதாகவும், முதலாண்டு முழுதும் ஓடியதாகவும், தள்ளுபடி விகிதம் (பின்னால் வரும் பணத்தை இன்றைய மதிப்புக்குச் சுருக்கும் வருட விகிதம்) 13% என்றும் வைத்தால், வரி போக வரும் இயக்க வருமானத்தின் நிகழ்கால மதிப்பு 151.8 லட்சம். தேய்மானத்தால் மிச்சமாகும் வரியின் நிகழ்கால மதிப்பு 21.1 லட்சம். கடைசியில் திரும்பும் நடைமுறை மூலதனம் இன்றைய மதிப்பில் 1.5 லட்சம். மூன்றையும் கூட்டி 205 லட்சத்தைக் கழித்தால் சுமார் 31 லட்சம் துண்டு விழுகிறது.

அந்த 12 லட்ச வரியை மட்டும் மறந்துவிட்டு இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள். சுமார் 28 லட்சம் லாபம் என்று வரும். வேறு எந்த எண்ணையும் தொடவில்லை. வேண்டாம் என்ற முடிவு வேண்டும் என்று புரண்டுவிட்டது.

ஆனால் வேண்டாம் என்றும் இத்தோடு முடிக்க முடியாது. பத்தாம் வருடம் ஹோட்டலை இழுத்து மூடப்போவதில்லையே. ஆகவே கேள்வியைத் திருப்பிப் போடுங்கள்: பத்தாம் வருட முடிவில் இந்தத் தொழிலுக்கு எவ்வளவு மதிப்பு எஞ்சினால் கணக்குச் சரிக்குச் சரியாகும்? விடை 1.04 கோடி. அது நடக்குமா என்று பங்காளிகள் வாதாடலாம். மறுபடி ஏசியெல்லாம் மாற்றும் செலவு, வளர்ச்சி, போட்டிக்கு வரும் பக்கத்து வீட்டு ஹோட்டல் எல்லாம் அந்த வாதத்தில் வரும். பத்தாம் வருட முடிவில் எஞ்சும் மதிப்புக்கு ஒரு வளர்ச்சி விகிதத்தைக் கண்ணை மூடிக்கொண்டு போடுவதைவிட இப்படி எத்தனை தேவை என்று பின்னோக்கிக் கேட்பது நேர்மையான முறை. கேஸ் வகுப்பிலும் இதற்கு மதிப்பு அதிகம்.

ஒருமுறை நிரம்பலை 40 சதவீதத்திலிருந்து 30-க்கு இறக்கிப் பாருங்கள். வரவு கால்பங்குதான் குறைகிறது. ஒரு அறை இரவுக்கு மாறும் செலவு போக மிஞ்சுவது 6,041 ரூபாய். 365 இரவு போனால் 22 லட்சம் போயிற்று. திட்டத்தால் கூடுதலாக வந்த 31.2 லட்சம் 9.15 லட்சமாக, அதாவது 71% சரிகிறது. நிலைச்செலவு அதிகமான தொழிலின் குணம் இது. ஏப்ரல், மே வெயிலில் செட்டிநாட்டு அறைகள் எவ்வளவு காலியாகக் கிடக்கும் என்பதை வருடச் சராசரி மறைத்துவிடும். மாதவாரியாக ஒரு தாள் போடாமல் இந்தத் திட்டத்தைப் பற்றிப் பேசக்கூடாது.

விலைவாசியில் ஒரு பொதுத் தவறு உண்டு. வருமானத்தை இன்றைய விலையிலேயே பத்து வருடமும் வைத்துவிட்டு, பணவீக்கம் உள்ளடங்கிய 13 சதவீதத்தால் தள்ளுபடி செய்வார்கள். நல்ல திட்டம்கூடச் செத்துப்போகும். இரண்டிலும் பணவீக்கம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இரண்டிலும் இருக்கக்கூடாது. அதேபோல் பணப்பாய்விலிருந்து வட்டியைக் கழித்துவிட்டு, வட்டி ஏற்கெனவே உள்ளடங்கிய சராசரி மூலதனச் செலவால் (கடனுக்கும் பங்குக்கும் ஆகும் செலவின் எடையிட்ட சராசரி விகிதம்) தள்ளுபடி செய்வது, ஒரே வட்டியை இரண்டு தரம் வசூலிப்பது.

அந்த 13% எங்கிருந்து வந்தது?

உங்கள் ஹோட்டலுக்குப் பங்குச்சந்தை பீட்டா, அதாவது சந்தை ஏறி இறங்கும்போது ஒரு பங்கு எவ்வளவு ஆடுகிறது என்ற அளவு, கிடையாது. பட்டியலிட்ட ஹோட்டல் கம்பெனிகளின் பீட்டாவை எடுத்து, அவர்களின் கடன் பாதிப்பை நீக்கி, உங்கள் கடனளவுக்கு மறுபடி ஏற்ற வேண்டும். ஒத்த கம்பெனிகளின் பீட்டா 1.2, கடன்–பங்கு விகிதம் 0.3 என்று வைத்தால், 1.2 ÷ (1 + 0.7483 × 0.3) = 0.98 (0.7483 என்பது 1-லிருந்து வரி 25.168% போக மீதி). இதுதான் தொழிலின் ஆபத்து. உங்கள் விகிதம் 0.6 என்றால், 0.98 × (1 + 0.7483 × 0.6) = 1.42. அரசுக் கடன்பத்திரத்தின் வட்டி 7%, பங்குக்கான கூடுதல் எதிர்பார்ப்பு 6.5% என்று எடுத்தால் பங்குதாரர் எதிர்பார்ப்பு 7 + 1.42 × 6.5 = 16.2%. வங்கி வட்டி 10.5%, வரிச்சலுகை போக 7.86%. எடைகள் பங்குக்கு 62.5%, கடனுக்கு 37.5%. சேர்த்தால் 13.1%.

இதில் எது துல்லியம், எது உத்தேசம் என்று தெரிந்திருக்க வேண்டும். வரி துல்லியம். வங்கி வட்டி ஏறக்குறையத் துல்லியம். பீட்டாவும் பங்குக்கான கூடுதல் எதிர்பார்ப்பும் வெறும் மதிப்பீடு. ஆகவே 13.09% என்று இரண்டு தசமம் எழுதிக் காட்டுவதில் அர்த்தமில்லை. 12, 13, 14 மூன்றிலும் விடையைக் காட்டுங்கள். டாலர் கடன்பத்திர வட்டியை எடுத்து ரூபாய் வருமானத்தைத் தள்ளுபடி செய்யும் தவறும் அமெரிக்கப் புத்தகத்தை அப்படியே பின்பற்றுவதால் வருவது. சென்னையில் பிறந்து நியூயார்க் பல்கலைக்கழகத்தில் கற்பிக்கும் அஸ்வத் தாமோதரன், தொழில்வாரி பீட்டாவையும் நாடுவாரிக் கூடுதல் எதிர்பார்ப்பையும் ஒவ்வொரு ஜனவரியிலும் தன் தளத்தில் இலவசமாகப் போடுகிறார்; வகுப்புக் காணொளிகளும் அங்கேயே கிடைக்கும். பயிற்சிக்கு அந்த அட்டவணைகள் தாராளமாகப் போதும்.

கடனா, சொந்தப் பணமா

1958-ல் பொருளியலாளர்கள் மோடிலியானியும் மில்லரும் சொன்னது: வரியில்லை, திவால் செலவில்லை, எல்லாருக்கும் ஒரே தகவல் என்றால், பணத்தை எப்படித் திரட்டினாலும் நிறுவனத்தின் மதிப்பு மாறாது. 1963-ல் வரியைச் சேர்த்துத் திருத்தினார்கள். “நடைமுறையில் இப்படி இல்லையே” என்று மாணவர்கள் இதைத் தள்ளிவிடுவார்கள். இதன் பயனே அங்கேதான் இருக்கிறது. ஒருவர் “கடன் வாங்கினால் மதிப்பு கூடும்” என்றால், எந்த அனுமானம் உடைவதால் கூடுகிறது என்று கேளுங்கள். வரியா, மேலாளரின் ஊதாரித்தனத்துக்குக் கடிவாளமா, அல்லது வெளியாருக்குத் தெரியாத தகவலா? பதில் வரவில்லை என்றால் வெறும் பேச்சு. 1984-ல் நிதியியல் ஆய்வாளர்கள் மையர்ஸும் மஜ்லூஃபும் தகவல் பக்கத்தை விளக்கினார்கள்: உள்விவரம் தெரிந்த நிர்வாகம், தன் பங்கு மலிவாக விலைபோகும்போது புதுப் பங்கு வெளியிடத் தயங்கும், ஆகவே முதலில் சொந்த லாபம், பிறகு கடன், கடைசியில்தான் பங்கு. புதிய பங்கு வெளியீடு என்ற செய்தி வந்ததும் விலை இறங்குவதற்கு இதுவே ஒரு விளக்கம்.

எவ்வளவு கடன் தாங்கும் என்பதற்கு விகிதங்களை மனப்பாடம் செய்யாமல் தவணையைப் போடுங்கள். ஹோட்டலுக்கு 75 லட்சம், 10.5%, 7 வருடம், வருடத்துக்கு ஒரே தொகை என்றால் 15.66 லட்சம். 40% நிரம்பலில் வரி (வட்டியையும் செலவாகக் கழித்தபின் வருவது) போக ஹோட்டல் தருவது சுமார் 40 லட்சம். தவணையைப் போல் இரண்டரை மடங்கு. 30 சதவீதத்தில் 21.15 லட்சம், 1.35 மடங்கு. 27.5 சதவீதத்துக்குக் கீழே போனால் பங்காளிகள் கையிலிருந்து போட வேண்டியதுதான். கவனியுங்கள், வங்கிக்குக் காட்டும் இந்தக் கணக்கில் இழந்த 12 லட்சத்தைக் கழிக்கவில்லை. தவணை கட்டப் பயன்படுவது உண்மையில் கைக்கு வரும் பணம். திட்டம் வேண்டுமா என்ற கேள்விக்கும், கடன் அடையுமா என்ற கேள்விக்கும் தனித்தனித் தாள் வேண்டும். இரண்டையும் ஒரே தாளில் போட்டுக் குழப்புவது கேஸ் விடைகளில் அடிக்கடி காணும் தவறு.

அடமானம் இருக்கிறதே என்று ஆறுதல் கொள்வதற்கு எதிரான பெரிய பாடம் செட்டிநாட்டின் வரலாற்றிலேயே இருக்கிறது. கீழ் பர்மாவில் நகரத்தார் (செட்டியார்) கடைகள் நெல்வயலை ஈடாக வைத்துக் கடன் கொடுத்தன. 1930-களின் பெருமந்தத்தில் நெல் விலை விழுந்தது. விவசாயி தவணை கட்ட முடியாமல் போனதற்கும், ஈடாக இருந்த நிலத்தின் விலை விழுந்ததற்கும் ஒரே காரணம் அந்த நெல் விலைதான். முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் 1930-ல் சுமார் 6% நிலம் செட்டியார்கள் கையில் இருந்தது. அந்தப் பத்தாண்டின் பிற்பகுதியில் அது 25 சதவீதமாயிற்று. விரும்பி வாங்கிய நிலமில்லை, கடனுக்குப் பதிலாக வந்து விழுந்தது. போரும் அதன்பின் வந்த நிலச் சட்டங்களும் மிச்சத்தைப் பார்த்துக்கொண்டன. கடன் வாங்கியவரின் வருமானமும் ஈட்டின் மதிப்பும் ஒன்றாக விழுமா என்பதை எந்தக் கடன் கேஸிலும் முதலில் கேளுங்கள். பாரம்பரிய வீட்டை ஹோட்டலாக்கி அதே வீட்டை ஈடு வைத்தாலும் இதே கேள்விதான்: சுற்றுலா படுத்துவிட்டால் அந்த வீட்டை என்ன விலைக்கு யார் வாங்குவார்?

ஏஜென்சி பிரச்சினை (பிறர் பணத்தை நடத்துபவர் தன் நலனைப் பார்ப்பது) என்று ஆய்வாளர்கள் ஜென்சனும் மெக்லிங்கும் 1976-ல் எழுதியதும் இந்த மண்ணுக்குப் புதிதில்லை. முதலாளி ஊரில், கடையை நடத்தும் மேலாள் கடல் கடந்து. அவர் கணக்கை எப்படிச் சோதிப்பது, சம்பளத்தை எப்படி அமைப்பது என்பதுதான் அன்றைய கேள்வியும்.

விற்பனை கூடியும் கையில் காசில்லாமல் போவது

நடைமுறை மூலதனத்தை வகுப்பில் கடைசி இரண்டு வாரத்தில் ஓட்டிவிடுவார்கள். சிறு தொழில்கள் மூச்சுத்திணறுவது இங்கேதான். ஆத்தங்குடி டைல் பட்டறையை எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணாடிமேல் அச்சை வைத்து, வண்ணச் சாந்தை ஒவ்வொரு கட்டத்திலும் ஊற்றி, மேலே உலர்ந்த மணல்–சிமெண்ட் கலவை தூவி, பிறகு ஈரச் சாந்து பூசி, உலர்த்தி, தண்ணீரில் ஊறவைத்து, மறுபடி காயவைத்துத்தான் அனுப்ப முடியும். அத்தனை நாளும் கூலியும் சிமெண்டும் டைலுக்குள் முடங்கிக் கிடக்கின்றன. மூலப்பொருள், ஊறும் சரக்கு, தயார்ச் சரக்கு சேர்த்து 30 நாள். பில்டரிடமிருந்து பணம் வர 75 நாள். சிமெண்ட்டுக் கடைக்காரர் தரும் அவகாசம் 20 நாள் என்றால், பணம் 85 நாள் சுற்றுகிறது. வருடச் செலவு 60 லட்சமானால் முடங்குவது சுமார் 14 லட்சம். ஆர்டர் ஒன்றரை மடங்கானால் இன்னும் 7 லட்சம் வேண்டும், அதுவும் கூடுதல் லாபம் கைக்கு வருவதற்கு முன்பே.

வங்கி எவ்வளவு தரும்? சிறு தொழிலுக்கு ரிசர்வ் வங்கியின் நாயக் கமிட்டி முறை: எதிர்பார்க்கும் விற்பனையில் 25% நடைமுறை மூலதனத் தேவை என்று கொண்டு, 20% வங்கி தரும், 5% உங்கள் பங்கு. 75 லட்ச விற்பனைக்கு 15 லட்சம். பெரிய கணக்குகளுக்கு 1975-ன் டாண்டன் கமிட்டியின் இரண்டாம் முறை. நடப்புச் சொத்தில் கால்பங்கு நீண்டகாலப் பணத்திலிருந்து வர வேண்டும் என்பதால் நடப்பு விகிதம் (நடப்புச் சொத்து ÷ நடப்புப் பொறுப்பு) 1.33-க்கு வந்து நிற்கும். 75 நாள் இழுக்கும் பில்டர் பக்கத்துக்கும் சட்டம் உண்டு. பதிவு செய்த குறு, சிறு உற்பத்தியாளருக்கு 45 நாளுக்குள் பணம் கொடுத்தாக வேண்டும். எழுத்து ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தின் மும்மடங்கு வட்டி, மாதக் கூட்டாக. கெடு தாண்டிய தொகையைக் கொடுக்கும்வரை வாங்குபவர் தன் வருமான வரிக் கணக்கில் செலவாகவும் காட்ட முடியாது. சட்டம் இருந்தும் பட்டறைக்காரர்கள் கேட்பதில்லை, அடுத்த ஆர்டர் போய்விடும் என்ற பயம். வாங்குபவரின் பேரம்பேசும் பலமும் நிதிக் கணக்கின் ஒரு பகுதிதான்.

டிவிடெண்டுக்கு நீளமாக எழுத வேண்டியதில்லை. பொருளியலாளர் லிண்ட்னர் 1956-ல் கண்டது இன்றும் நிற்கிறது: கம்பெனிகள் டிவிடெண்டைக் குறைக்க அஞ்சும், ஆகவே லாபம் ஏறியதும் ஏற்றாமல் மெதுவாக ஏற்றும். 2020 ஏப்ரல் முதல் கம்பெனி கட்டிவந்த டிவிடெண்ட் வரி போய், வாங்குபவர் தன் விகிதத்தில் கட்டுகிறார் என்பதை மட்டும் பழைய கேஸ்களைப் படிக்கும்போது நினைவில் வையுங்கள்.

இதையெல்லாம் கையில் ஏற்ற

ஒரே ஒரு பட்டியலிட்ட கம்பெனியைத் தேர்ந்தெடுத்து ஒரு செமஸ்டர் முழுக்க அதோடு இருங்கள். 1937 பிப்ரவரி 10-ல் காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்று ஊரிலும் ஒரே நாளில் கதவு திறந்த இந்தியன் ஓவர்சீஸ் வங்கியை எடுக்கத் தோன்றும். வேண்டாம். வங்கிக்கும் ஃபைனான்ஸ் கம்பெனிக்கும் கடன் என்பது மூலப்பொருள்; வழக்கமான பணப்பாய்வு மதிப்பீடும் சராசரி மூலதனச் செலவும் அங்கே உட்காராது. முதல் தடவைக்கு உற்பத்திக் கம்பெனிதான் சரி. பள்ளத்தூரில் வேர்விட்ட முருகப்பா குழுமத்தின் கார்போரண்டம் யுனிவர்சல் போல, இயந்திரமும் சரக்கும் கடன்பாக்கியும் உள்ள ஒன்று. ஐந்து வருட ஆண்டறிக்கைகளைப் பங்குச்சந்தைத் தளத்திலிருந்து இறக்கிக்கொள்ளுங்கள். தனிக் கணக்கை விட்டுவிட்டு துணைக் கம்பெனிகளையும் சேர்த்த ஒருங்கிணைந்த கணக்கை எடுங்கள். 2019 ஏப்ரலுக்குப் பின் குத்தகைப் பொறுப்புகளும் ஐந்தொகையில் ஏறியிருக்கும். அவற்றைக் கடனில் சேர்த்தால் இயக்க லாபத்தையும் அதற்கேற்ப எடுக்க வேண்டும், முந்தைய வருடங்களோடு நேரடியாக ஒப்பிடவும் கூடாது. குறிப்புகளில் நிச்சயமற்ற பொறுப்புகள், உறவுக் கம்பெனிகளோடான வரவு செலவு இரண்டையும் கட்டாயம் படியுங்கள்.

எக்செலில் உள்ளீடுகளை ஒரு தாளில் மட்டும் வையுங்கள். சூத்திரத்துக்குள் எண்ணை அடிக்காதீர்கள். ஐந்தொகையின் இரு பக்கமும் ஒவ்வொரு வருடமும் ஒட்டுகிறதா என்று காட்டும் ஒரு வரி எப்போதும் கண்ணெதிரே இருக்கட்டும். என்.பி.வி. (நிகர நிகழ்கால மதிப்பு) ஃபங்ஷனில் ஒரு கண்ணி இருக்கிறது: முதல் எண்ணையும் ஒரு வருடம் தள்ளுபடி செய்துவிடும். இன்று போடும் 205 லட்சத்தை அதற்குள் கொடுத்தால் 181 லட்சமாகச் சுருங்கிவிடும். அதை வெளியே வைத்துத் தனியே கழியுங்கள். பணப்பாய்வின் குறி இரண்டு முறை மாறினால் ஐ.ஆர்.ஆர். ஒன்றுக்கு மேல் வரலாம். அளவில் வேறான இரண்டு திட்டங்களை ஐ.ஆர்.ஆர். வைத்துத் தரம் பிரித்தாலும் ஏமாற்றும்.

கேஸுக்குப் போகும்போது எண்ணிலிருந்து தொடங்காதீர்கள். யார், எந்தத் தேதிக்குள், என்ன முடிவெடுக்க வேண்டும் என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். முடிவெடுக்காவிட்டால் என்ன நடக்கும் என்பது அடுத்த வாக்கியம். பிறகுதான் தாளில் இரண்டு பத்தி (நெடுவரிசை): எடுத்தால் வரும் பணம், எடுக்காவிட்டால் வரும் பணம். வித்தியாசத்தைத் தள்ளுபடி செய்யுங்கள். விடையைப் புரட்டக்கூடிய இரண்டு எண்கள் எவை என்று தேடி, அவை எங்கே போனால் முடிவு மாறும் என்பதைச் சொல்லுங்கள். ஹோட்டல் கணக்கில் அவை நிரம்பல் விகிதமும் பத்தாம் வருட மதிப்பும். இவ்வளவும் இரண்டு பக்கத்துக்குள் அடங்க வேண்டும். விகிதங்களை இருபது வரி அடுக்கி நான்கு பக்கம் நிரப்பினால், எந்த எண்ணை நம்பி முடிவெடுத்தீர்கள் என்று பேராசிரியர் கேட்கும் முதல் கேள்விக்கே பதில் இருக்காது.

கடையைப் பார்த்துக்கொண்டு படிப்பதால் வாரத்துக்குப் பத்து மணி நேரம்தான் கிடைக்கும் என்றால், ஆறு மணி நேரத்தை இந்த எக்செல் வேலைக்குக் கொடுங்கள், மூன்றைப் பாடநூலுக்கு, மிச்சத்தைச் செய்தித்தாளில் வரும் ஒரு பங்கு வெளியீட்டையோ கையகப்படுத்தலையோ இதே இரண்டு பத்தி முறையில் போட்டுப் பார்க்க. ஹோட்டல் கணக்கை முதலில் நீங்களே வெறுந்தாளில் மறுபடி போடுங்கள். 31 லட்சத் துண்டு உங்களுக்கு வரவில்லை என்றால் பெரும்பாலும் தேய்மானத் தொகுதியில்தான் பிசகு இருக்கும், அங்கேயே தேடுங்கள்.